அந்த ஊர்க்காரர் காதில் விழுந்த பிறகு

“…அதனால இப்ப மிச்சம் படிங்க அக்கா. சண்டே பாதியில நிறுத்திட்டீங்க.”

சிங்கப்பூரின் வடகோடியில், மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் அடியில், வேலியிட்ட வேலையிடத்தின் வாசலில், உடம்பெல்லாம் பெயிண்ட் தெறித்த ஒருவர் என் அண்ணியிடம் சொன்ன வார்த்தைகள் இவை. சொன்னவர் வங்காளதேசத்துக்காரர். பேசியது தமிழ், வேலையிடத்தில் நம் மேஸ்திரிகள் போடும் சத்தத்திலிருந்து காதாலேயே பொறுக்கிச் சேர்த்த தமிழ். சொன்ன கையோடு அவர் ஒரு காரியம் செய்தார். அதை இங்கேயே சொல்லிவிட்டால் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். அதற்கு முன்னால் நடந்த மூன்று நாளையும் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

போன மாதம் புக்கிட் பாத்தோக்கில் அண்ணி வீட்டுக்குப் போனேன். வீட்டு வாசலில், மாடி நடைபாதையோரம், ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளி கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. அதன் மேல் கறிவேப்பிலைத் தொட்டி. வாளியின் பக்கவாட்டில் நீலமாய் ஒரு வழிசல், காய்ந்து பல வருஷம் ஆனது. அண்ணி தன் கடைசிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். கண் சரியில்லை, இனி எழுதுவதில்லை என்று ஆசிரியரிடம் சொல்லியாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் வாராவாரம் எழுதியவர் நிறுத்தினால் ஒடிந்து போய்விடுவார் என்று எனக்குள் ஒரு பயம். காபியை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “நல்லாத் தூங்குறேன் தம்பி. இத்தனை வருஷமா எந்த ஊர்ல என்ன வெடிச்சுதோன்னு பாதிக் காது தொறந்தே கெடந்துச்சு. இப்பத்தான் மூடிப் படுக்கிறேன்.” எனக்கு வந்த நிம்மதியில் காபி ஆறிப்போனதே தெரியவில்லை. திரும்பும்போது அந்த வாளி கண்ணில் பட்டது. அப்போது ஞாபகம் வந்ததுதான் இதெல்லாம்.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. அண்ணி அண்ணியாகவே இருக்கிறார். அவர் படித்தது அரசியலும் இல்லை, வரலாறும் இல்லை. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் சரக்குப் பத்திரங்களைத் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தார். ஒரு நாள், போக வேண்டிய துறைமுகத்துக்குப் போகாமல் ஒரு கப்பல் பாதி வழியில் திரும்பிவிட்டதாம். காரணம் என்ற கட்டத்தில் ‘போர்’ என்று ஒரே ஒரு சொல். எந்தப் போர், யாருக்கும் யாருக்கும் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். “உனக்கு எதுக்கும்மா அது? தேதிய மாத்தி டைப் அடி” என்று பதில் வந்தது. தேதியை மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனார். ஒரு கேள்விக்குப் பதில் தேடி நூலகத்துக்குள் போன பெண்டாட்டி இன்னும் வெளியே வரவில்லை என்று அண்ணன் சாகும் வரைக்கும் கேலி செய்துகொண்டிருந்தார்.

முதலில் வாசகர் கடிதம் எழுதினார். பிறகு ஒரு தமிழ் வார இதழில் வெளிநாட்டுப் பக்கம் அவருக்கு வந்தது. எல்லைத் தகராறு, ஆயுத விற்பனை, ஒப்பந்தம் எல்லாவற்றையும் மீன் வாங்கப் போகிறவருக்கும் புரிகிற தமிழில் எழுதினார். எழுதுவதோடு நிற்கவில்லை. கண்ணிவெடியைத் தடை செய்யச் சொல்லித் தூதரகங்களுக்குக் கடிதம் போடுவார். பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்று இன்னொரு கடிதம் போடுவார். சமூக மன்றத்தில் அறை எடுத்து அமைதிக் கூட்டம் நடத்துவார். ஒரு கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தோம். அதில் நான் ஒருவன், அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிப்போக வந்தவர் ஒருவர். “அமைதிக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தா கூட்டம் அமைதியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அறுபது பேருக்குப் பேசுவது போலவே பேசி முடித்தார். திட்டியும் கடிதங்கள் வரும். ஒரே கட்டுரைக்கு இரண்டு நாட்டு அபிமானிகளும் சேர்ந்து திட்டுவார்கள். அதுதான் நீங்கள் நடுவில் நிற்பதற்கு அத்தாட்சி என்று நான் ஒரு தடவை சொல்லப்போக, அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. “ரெண்டு பக்கமும் திட்டுதுன்னா நான் நடுவுல நிக்கிறேன்னு மட்டும் இல்ல தம்பி. ரெண்டு பக்கத்தையும் தப்பா எழுதியிருக்கேன்னும் இருக்கலாம்ல.” ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை ரசீதுப் புத்தகத்தின் முதுகில் குறித்து வைப்பது என் வழக்கம். அண்ணியினுடையது மட்டும் இரண்டு புத்தகம் தேறும்.

அவர் வேலை செய்யும் முறையில் ஒரு விதி இருந்தது. எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறாரோ, அந்த நாட்டுக்காரர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கட்டுரையை அனுப்ப மாட்டார். அந்த ஊர்க்காரர் காதில் விழுந்த பிறகுதான் அச்சு. ஆரம்ப காலத்தில் இலங்கைப் போரைப் பற்றி அவர் எழுதியதை, கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார். படித்து முடித்து, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்தப் பாலத்தில நான் நாளும் சைக்கிளில போய் வந்தனான் அக்கா. நீங்கள் அதை ‘முக்கியப் பாலம்’ எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரிக்குப் போயிட்டியள்” என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து இந்த விதி.

ஆள் பிடித்துத் தருவது என் வேலை. தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. உயர்நிலை இரண்டோடு படிப்பை விட்டவன் நான்; உடைந்த கைப்பேசிகளைத் திறந்து பார்த்தே தொழில் கற்றவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி ஆசியா என் கடை வாசலில் வந்து நிற்கும். கண்ணாடி மாற்றிக்கொண்டே பேச்சுக் கொடுப்பேன். எந்த நாடு, என்ன வேலை, எப்போது ஒழியும் என்று கேட்டு வைத்துக்கொண்டு அண்ணிக்குத் தகவல் சொல்வேன். “அண்ணி, நேபாளத்துக்காரர் ஒருத்தர் கெடச்சிருக்காரு. மூணு மணிக்கு மேல வரச் சொல்லவா?” என்பேன், ஏதோ சம்பந்தம் பேசுகிறவன் மாதிரி. கடை மூலையில் நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று உண்டு. வருகிறவர் அதில் உட்காருவார். அண்ணி எதிரே நின்றுகொண்டு, தமிழில் எழுதியதை அவருக்குப் புரியும் பாஷையில், ஆங்கிலமோ மலாயோ கையோ காலோ கலந்து, வரிவரியாகச் சொல்வார். அந்த நேபாளத்துக்காரர் காவல் வேலை பார்ப்பவர், கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். அவர் எந்த வரியில் தூங்கினாரோ அந்தப் பத்தியையே அண்ணி அடித்துவிட்டார். “பாவம், அவருக்கு அசதி. ஆனாலும் என் வாக்கியத்துக்கும் அதுல பங்கு இருக்கு.” ஒரு பிலிப்பீன்ஸ் தாதி, கடல் எல்லைச் சண்டை பற்றிய கட்டுரையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுடைய மாமா அந்தக் கடலில் மீன் பிடிக்கிறவராம். மழைக்காலம் முழுக்க அங்கே எந்த நாட்டுப் படகும் போவதில்லை, காற்று விடாது என்றாள். அந்த வாரம் கட்டுரை, வருஷத்தில் பாதி நாள் அந்தக் கடல் காற்றுக்குத்தான் சொந்தம் என்று ஆரம்பித்தது.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

பெயிண்டர் என் பழைய வாடிக்கை. முப்பது வயதிருக்கும். புளோக்குகளுக்கு வெளிச்சுவரில் வண்ணம் அடிப்பவர். கைப்பேசி கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டதென்று அதற்கு முந்தைய நாள் கொண்டுவந்திருந்தார். புதுத் திரை புதன்கிழமைதான் வரும் என்பதால், அவருடைய சிம்மை எடுத்து ஒரு பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். அவருடைய கைப்பேசியின் மின்கலத்தைக் கழற்றி, என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சும்மா எட்டிப் பார்த்தார். அண்ணியோ அந்த வாரம் வங்காளதேச எல்லையைப் பற்றி எழுதி வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் நின்றார். எல்லை ஆற்றின் அக்கரை நாட்டில் உள்நாட்டுச் சண்டை. குண்டுகள் இக்கரையிலும் வந்து விழுகின்றன என்பது செய்தி. “தம்பி, நீ வங்காளதேசம்தானே? பத்து நிமிஷம் உக்காரு. டீ சொல்றேன்” என்று நான்தான் அவரை முக்காலியில் உட்கார வைத்தேன். எந்த நாடு என்று கேட்டேன். எந்த ஊர் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அதைக் கேட்டதில்லை. நாடு தெரிந்தால் போதும் என்பதுதான் எங்கள் பழக்கம்.

அவருக்குத் தமிழே புரியும் என்பதால் அண்ணி எழுதியபடியே படித்தார். பாதிக்கு மேல் ஒரு வரி. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது, ஊரில் உலை வைக்க ஆளில்லை என்று எழுதியிருந்தார்.

“அந்தப் பேர் இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார் பெயிண்டர்.

அண்ணி சொன்னார்.

டீயைத் தரையில் சிந்தாமல் வைத்தார் அவர். “அது நம்ம ஊர் அக்கா. அம்மா அங்கதான் இருக்கு. தங்கச்சி இருக்கு. இது எப்ப?”

அண்ணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு நாளாகிறது, செய்தியில் பார்த்தேன் என்று ஏதோ சொன்னார். பெயிண்டர் பட்டன் போனை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அழுத்தினார். அம்மாவின் எண். மணி போகவே இல்லை. மறுபடி அழுத்தினார். எல்லையோரத்தில் தொடர்பைத் துண்டித்திருப்பார்கள், அப்படித்தான் செய்வார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். மற்ற சொந்தக்காரர்களின் எண்களெல்லாம் நொறுங்கிய கைப்பேசிக்குள் இருந்தன.

“அம்மா செத்துட்டாங்கன்னு ஒரு பிள்ளைக்கிட்டக் கட்டுரையில படிச்சுக் காட்டிட்டேன் தம்பி” என்றார் அண்ணி.

“அப்படி நீங்க எழுதலயே அண்ணி.”

“எழுதல. ஆனா அவன் காதுல அப்படித்தானே விழுந்துச்சு.”

திங்கள்கிழமை நான் கடை திறப்பதற்கு முன்பே அண்ணி வந்து காத்திருந்தார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த காலம் அது. நூலகத்தில் எடுத்த அச்சுத்தாள்கள் கையில். அவர் பார்த்த புகைப்படம் அக்கரைக் கிராமத்தினுடையதாம். செய்தியில் கீழே போட்டிருந்த பெயர் இக்கரைக் கிராமத்தினுடையது. இன்னொரு செய்தியோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். எப்போதும் ஒப்பிடுகிறவர்தான். ஏன் விட்டுப்போயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “அந்த வரி அழகா வந்துச்சு தம்பி. பள்ளிக்கூடம், பள்ளம். எழுதின உடனே நானே ரெண்டு தரம் படிச்சுப் பார்த்தேன். அழகா இருந்ததால சரிபார்க்கத் தோணல.” இதை ரசீதுப் புத்தகத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கரைப் படம் என்று தெரிந்ததால் இக்கரை பிழைத்தது என்றும் ஆகிவிடாது. குண்டு இக்கரையிலும் விழுந்தது நிஜம். எந்த ஊரில், எந்த வீட்டில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கட்டுரையை அண்ணி அனுப்பவில்லை. ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். என் கடையில் நின்று, ஒலிபெருக்கியில் போட்டுத்தான் அண்ணி பேசினார்.

“மேடம், பக்கம் காலியா கெடக்கு.”

“காலியா இருக்கட்டும் சார்.”

“காலியா எப்படி மேடம் விடுறது? ஏதாவது போட்டாகணுமே.”

உலக அரசியல் இருந்த இடத்தில் அந்த வாரம் கத்தரிக்காய் கொத்சு வந்தது. செய்து பார்த்தேன், சுமார்தான்.

செவ்வாய்க்கிழமை பெயிண்டரைக் கூப்பிட்டேன். “சாப்பிட்டியா தம்பி?”

“சாப்பிடுறேன் அண்ணே. அம்மா போன் போகல. வேலை இருக்கு. மேல இருந்தா யோசிக்க மாட்டேன்.”

மேலே என்றால் கொண்டோலா. கட்டடத்தின் வெளிச்சுவரில் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி ஏறி இறங்கும் மேடை. இதைக் கேட்டதும் அண்ணிக்கு இன்னொரு பயம் பிடித்தது. “பத்தாவது மாடியில தொங்கிக்கிட்டு இந்த நெனப்போட நிக்கிறானே” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னார். அந்த நீல முக்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அம்மா என்று நினைத்து அவரிடம் சார்ஜர் விலை கேட்டார்கள். அவரும் தோராயமாக ஏதோ சொன்னார்.

புதன்கிழமை பத்து மணிக்குத் திரை வந்தது. பொருத்தி, மின்கலத்தை மாட்டி, பெயிண்டரின் கைப்பேசியை உயிர்ப்பித்தேன். ஞாயிறுதோறும் வருகிறவர் என்பதால் என் கடையின் வைஃபை அதற்குப் பழக்கம். தானாகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் ஒரு மணியோசை. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. பூட்டிய திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குரல் செய்திகள், எல்லாம் ஒரே பெயரிலிருந்து, வங்காள எழுத்தில். கேட்பதற்குப் பூட்டைத் திறக்க வேண்டும். மூன்று நாளாக நானும் அண்ணியும் எதைத் தேடி உலகத்து இணையதளமெல்லாம் அலைந்தோமோ, அது என் முட்டிக்கு நேராக, நானே கழற்றிப்போட்ட மின்கலத்துக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

இரண்டு கடை தள்ளி மளிகை வைத்திருக்கும் வங்காளதேசத்து பாயிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “காலா” என்றார். “அம்மாவோட தங்கச்சி. சித்தி. கடைசி மெசேஜ் இன்னிக்குக் காலைல வந்தது.”

“அம்மா இல்லையா?” என்றார் அண்ணி.

“இல்ல. சித்திதான். எல்லாமே சித்திதான்.”

அண்ணியின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சித்தி எதற்கு இத்தனை தடவை அனுப்ப வேண்டும்? அம்மா அனுப்பாமல் சித்தி அனுப்புகிறாள் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். பட்டன் போனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடையை மளிகை பாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரயிலேறினோம். நியூட்டனில் மாறி வடக்கே போனோம். நான் குடியிருக்கும் ஆங் மோ கியோவைத் தாண்டியது ரயில். வீட்டில் இறங்கிப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. அண்ணி அந்தக் கைப்பேசியை மடியில் வைக்காமல், பைக்குள்ளும் போடாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

மார்சிலிங்கில் அந்த புளோக்கின் கீழே, வாசலில், புதுக்கோட்டைப் பக்கத்து மேஸ்திரி எங்களை நிறுத்தினார்.

“அக்கா, ஹெல்மெட் இல்லாம இதுக்கு மேல வரக்கூடாது லா. யாரு வேணும்?”

“ஒரு பிள்ளைக்கு போன் குடுக்கணும் தம்பி. இந்தப் பிள்ளைக்கு” என்று அண்ணி பூட்டிய திரையில் இருந்த பெயிண்டரின் படத்தைக் காட்டினார்.

“இவனா? மேல இருக்கான். கொண்டோலாவுல போன் கூடாது. லஞ்சுக்கு இறங்குவான், அப்ப குடுங்க.”

“லஞ்சு வரைக்கும் என்னால நிக்க முடியாது தம்பி.”

மேஸ்திரி அண்ணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார்.

கொண்டோலா என்ன வேகத்தில் இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது இறங்குவதில்லை, நம் பொறுமையைப் பார்த்துப் பார்த்து நகர்கிறது. பதினொன்றாவது மாடியிலிருந்து ஓர் உருவம் எட்டிப் பார்த்து எங்களை அடையாளம் கண்டுகொண்டது தெரிந்தது. அண்ணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். “என்ன மூஞ்சிய வெச்சுக்கிறதுன்னு தெரியல தம்பி. சிரிச்சா நல்ல சேதின்னு நெனச்சுக்குவான். சிரிக்கலன்னா வேற மாதிரி நெனச்சுக்குவான். எனக்கு ரெண்டும் தெரியாதே.” மேடை தரையைத் தொடும் வரைக்கும் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயிண்டர் வந்து கைப்பேசியை வாங்கினார். கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. விரலில் பெயிண்ட் காய்ந்து ரேகையே இல்லை. சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார், திறக்கவில்லை. எண் போட்டுப் பார்த்தார். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாகப் போனது. மேஸ்திரி பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியைக் கொண்டுவந்து, குழந்தைக்குக் கை துடைத்துவிடுவது மாதிரி அந்தக் கட்டைவிரலை மட்டும் பிடித்துத் தேய்த்தார். “வை இப்ப” என்றார்.

திறந்தது. முதல் செய்தியைத் தட்டினார். ஒரு பெண் குரல், நல்ல சத்தமாக, மூச்சு விடாமல். எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அம்மா திட்டுவதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்லை.

“அம்மா” என்றார் பெயிண்டர். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அம்மா திட்டுது. ஏன் போன் எடுக்கலன்னு திட்டுது.”

“நல்லாத் திட்டட்டும்” என்றார் மேஸ்திரி.

ஒவ்வொன்றாகக் கேட்டார். குண்டுச் சத்தம் கேட்ட அன்றைக்கே அம்மாவும் தங்கையும் எல்லையைவிட்டுத் தள்ளி உள்நாட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவின் போன் வேலை செய்யாததாலும், வெளிநாட்டு எண்ணுக்கு நேராகக் கூப்பிடக் காசு ஆகும் என்பதாலும், சித்தியின் போனிலிருந்து இணையம் வழியாகவே கூப்பிட்டும் குரல் செய்தி அனுப்பியும் ஓயாமல் தேடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் இடிந்திருக்கிறது. ஓர் ஆடு வழியில் ஓடிவிட்டது. பாதித் திட்டு அந்த ஆட்டுக்காக என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னிடம் தண்ணீர் கேட்டார். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அண்ணி பல வருஷம் எழுதினார். விதி மட்டும் மாறியது. யார் வந்து முக்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்பார். அவரை முதலில் பேசவிடுவார். அவர் பேசி முடித்த பிறகுதான் தாளை எடுப்பார். எழுதியதில் எந்த வரியாவது அழகாக இருப்பதாகத் தோன்றினால் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார். அதை இன்னொரு தரம் சரிபார்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்த எல்லைக் கட்டுரை அடுத்த வாரம் வந்தது. பள்ளம் இல்லை. ஒரு பக்கச் சுவர் இடிந்த பள்ளிக்கூடமும் ஓடிப்போன ஆடும் இருந்தன. மார்சிலிங் வேலை முடிந்தபோது பெயிண்டர் ஒரு காலி வாளியைக் கழுவிக் கொண்டுவந்து என் கடையில் வைத்தார். “அக்கா உக்கார” என்றார். அதை ரயிலில் புக்கிட் பாத்தோக் வரைக்கும் நான் சுமந்துபோனதைப் பார்த்து, வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போகிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

பெயிண்டர் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சில வருஷம் ஆகிறது. கண் மங்கிவிட்ட அண்ணி தன் கடைசிக் கட்டுரையை யாருக்குப் படித்துக் காட்டுவது என்று யோசிக்கவே இல்லை. காணொளி அழைப்பில் அவரைத்தான் கூப்பிடச் சொன்னார். நான் தாளைப் பார்த்து வரி எடுத்துக் கொடுக்க, அண்ணி சொன்னார். இந்த உலகத்தைப் பற்றித் தான் தப்பாக எழுதியவற்றையும், அதைத் திருத்தியவர்களையும் பற்றிய கட்டுரை அது. அந்தப் பக்கம் பெயிண்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் அவருடைய அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். “இன்னிக்கு யாரு மாட்டுனது?” என்று அண்ணி கேட்டதற்கு, “என் பொண்டாட்டி” என்று அவர் கிசுகிசுத்தார். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. ஒரு சொல்லையும் மாற்றாமல் கட்டுரை போனது. அதன் பிறகுதான் அந்தத் தூக்கம்.

மார்சிலிங் வாசலுக்கு வருகிறேன். எல்லாச் செய்தியையும் கேட்டு முடித்து, சித்தி எண்ணுக்குப் பேசி, அம்மாவிடம் நேராகவும் நாலு திட்டு வாங்கிக்கொண்டு பெயிண்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தக் கட்டுரையை எடுத்தார். மூன்று நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

“இது தப்புப்பா. உன் முன்னாடியே கிழிச்சுடுறேன்.”

பெயிண்டர் கை நீட்டி நிறுத்தினார். “கிழிக்காதீங்க அக்கா. தப்பு எங்கன்னு நான் சொல்றேன். கிழிச்சா எப்படிச் சொல்றது? அதனால இப்ப மிச்சம் படிங்க அக்கா. சண்டே பாதியில நிறுத்திட்டீங்க.”

சொல்லிவிட்டு, வேலியோரம் கிடந்த காலிப் பெயிண்ட் வாளிகளில் இரண்டை எடுத்து வந்தார். இரண்டையும் கவிழ்த்தார். ஒன்றின் அடிப்பக்கத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்து, விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, அண்ணிக்கு முன்னால் வைத்தார். இன்னொன்றில் தான் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காதை அண்ணி பக்கம் சாய்த்தார்.